பிரெஞ்சு அமிழ்வுக் கல்வியில் பள்ளித் தலைமையும் பயனுறு கற்பித்தலும்: கனடிய அனுபவத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலம் பேசும் குடும்பத்துக் குழந்தைகளுக்குக் கணக்கு, அறிவியல், சமூகவியல் முதலிய பாடங்களைப் பிரெஞ்சு மொழி வழியே கற்பிக்கும் முறை கனடாவில் 1965 முதல் நடைமுறையில் உள்ளது. இம்மெர்ஷன் என வழங்கப்படும் இம்முறை இக்கட்டுரையில் ‘அமிழ்வுக் கல்வி’ எனக் குறிக்கப்படுகிறது. மொழிச்சூழலில் குழந்தையை இருத்தினால் மொழி தானே கைவரும் என்ற எண்ணமே இக்கல்வியின் தொடக்கத்தில் மேலோங்கியிருந்தது. பின்வந்த வகுப்பறை ஆய்வுகள் அவ்வெண்ணத்தைத் திருத்தின. கேட்டலிலும் வாசித்தலிலும் சிறந்த மாணவர் பேச்சிலும் எழுத்திலும் பின்தங்குவதை அவை காட்டின. இக்குறை நீங்கத் தேவையான கற்பித்தல் முறைகள் எவை என்பதையும், அம்முறைகள் வகுப்பறையில் நிலைபெறப் பள்ளி முதல்வர் ஆற்ற வேண்டிய பணிகள் எவை என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அமிழ்வுக் கல்வி, பள்ளித் தலைமை, பின்னூட்டம், மொழி வடிவக் கவனம், இருமொழியம், கனடா.

1. முன்னுரை

இரண்டாம் மொழி கற்பித்தல் பற்றி உலகெங்கும் நிகழும் விவாதங்களில் கனடாவின் பிரெஞ்சு அமிழ்வுக் கல்வி தவறாமல் இடம்பெறுகிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தொடர்ந்து ஆராயப்பட்டு வரும் கல்வித்திட்டம் என்பது இதற்கு ஒரு காரணம். ஆயின் இதனை எடுத்தாள்வோர் பலர் இதன் வெற்றியை மட்டும் கூறி, அவ்வெற்றியின் எல்லைகளையும் அதற்குரிய நிபந்தனைகளையும் கூறாது விடுகின்றனர். ‘பிறமொழி வழியே பாடம் நடத்தினால் அம்மொழி வந்துவிடும்’ என்ற பொதுமுடிவு அவ்வாறு பிறந்ததே.

இக்கட்டுரையின் கருதுகோள் இரு பகுதிகளைக் கொண்டது. அமிழ்வுக் கல்வியின் பயன், பிறமொழியில் செலவிடப்படும் நேரத்தைக் காட்டிலும் அந்நேரத்தில் ஆசிரியர் செய்வதைப் பொறுத்தது என்பது முதற்பகுதி. ஆசிரியர் அதனைச் செய்வதற்கான காலமும் பயிற்சியும் ஊக்கமும் பள்ளித் தலைமையின் முடிவுகளால் கிடைக்கின்றன அல்லது கிடைக்காமற் போகின்றன என்பது இரண்டாம் பகுதி. விளக்கமுறையும் ஒப்பீட்டு முறையும் இவ்வாய்வில் பின்பற்றப்பட்டுள்ளன.

2. அமிழ்வுக் கல்வியின் தோற்றமும் அமைப்பும்

1960களில் கியூபெக் மாநிலத்தில் பிரெஞ்சு மொழியினரின் அரசியல், பொருளாதார எழுச்சி வலுப்பெற்றது. அம்மாநிலத்தில் வாழ்ந்த ஆங்கிலக் குடும்பத்தினர், பள்ளியில் பல்லாண்டு பிரெஞ்சு பயின்றும் தம் பிள்ளைகளால் அண்டை வீட்டாருடன் உரையாட இயலாமையை உணர்ந்தனர். மாண்ட்ரியல் நகரை ஒட்டிய செயின்ட் லாம்பர்ட்டில் பெற்றோர் குழு ஒன்று இதற்கு மாற்றுத் தேடியது. மெக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் வாலஸ் லாம்பர்ட், நரம்பியல் அறிஞர் வைல்டர் பென்ஃபீல்டு ஆகியோரின் ஆதரவு அக்குழுவுக்குக் கிடைத்தது. 1965 செப்டம்பரில் 26 குழந்தைகளுடன் முதல் மழலையர் வகுப்பு தொடங்கியது. அம்முயற்சியின் விளைவுகளை லாம்பர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் ஆராய்ந்து 1972இல் நூலாக வெளியிட்டனர்.

1969இல் கனடிய நடுவணரசு ஆட்சிமொழிச் சட்டத்தை இயற்றியதும், 1977இல் ‘பிரெஞ்சுக்கான கனடியப் பெற்றோர்’ என்னும் அமைப்பு தோன்றியதும் இக்கல்வி பிற மாநிலங்களுக்குப் பரவ உதவின. இன்று கியூபெக்குக்கு வெளியே மட்டும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர் இம்முறையில் பயில்கின்றனர்.

தொடங்கும் வயதை ஒட்டி இக்கல்வி மூவகைப்படும். மழலையர் வகுப்பிலோ முதல் வகுப்பிலோ தொடங்குவது முந்துநிலை. நான்காம் அல்லது ஐந்தாம் வகுப்பளவில் தொடங்குவது இடைநிலை. ஆறாம் அல்லது ஏழாம் வகுப்பில் தொடங்குவது பிந்துநிலை. பயிற்றும் நேரத்தின் அளவு மாநிலந்தோறும் வேறுபடும். ஒண்டாரியோவில் எட்டாம் வகுப்பு முடிவதற்குள் குறைந்தது 3,800 மணி நேரம் பிரெஞ்சு வழிக் கல்வி பெற்றிருக்க வேண்டும். பிரெஞ்சை ஒரு தனிப்பாடமாக மட்டும் பயிலும் மாணவருக்கு அதே காலத்தில் 600 மணி நேரமே உரியது. பள்ளி அமைப்பிலும் இருவகை உண்டு. பள்ளி முழுவதும் அமிழ்வுக் கல்விக்கே உரியதாக இருப்பது தனிமையப் பள்ளி. ஆங்கில வழிப் பிரிவும் அமிழ்வுப் பிரிவும் ஒரே கூரையின்கீழ் இயங்குவது இருபிரிவுப் பள்ளி. பின்னுரைக்கப்படும் தலைமைச் சிக்கல்கள் பலவற்றுக்கு இவ்வேறுபாடு அடிப்படையாகும்.

3. அடைவுகளும் அவற்றின் எல்லையும்

தொடக்ககால மதிப்பீடுகள் பெற்றோரின் இரு அச்சங்களைப் போக்கின. ஆங்கில எழுத்தறிவில் அமிழ்வு மாணவர் முதலில் சற்றுப் பின்தங்கினும், ஆங்கிலப் பாடம் தொடங்கியபின் விரைவில் ஈடுசெய்தனர். கணக்கு முதலிய பாடங்களிலும் அவர்கள் ஆங்கில வழி மாணவருக்கு இணையாக விளங்கினர்.

பிரெஞ்சுத் திறனில் கிடைத்த முடிவு இருதிறப்பட்டது. கேட்டுப் புரிதலிலும் வாசித்துப் புரிதலிலும் அம்மாணவர் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டோரை நெருங்கினர். பேச்சிலும் எழுத்திலுமோ, வினைச்சொற்களின் கால வடிவம், பெயர்ச்சொற்களின் பால், மதிப்புரவு வடிவம் ஆகியவற்றில் பிழைகள் ஆண்டுகள் பல கடந்தும் நிலைத்தன. மெரில் சுவெய்ன், ஷாரன் லாப்கின், பிர்ஜிட் ஹார்லி முதலியோரின் ஆய்வுகள் இதனைத் தெளிவுபடுத்தின.

பிழைகளின் இயல்பைத் தமிழோடு ஒப்பிட்டு விளங்கிக்கொள்ளலாம். தமிழில் பால் பொருளை ஒட்டியது. ஆணைக் குறிப்பது ஆண்பால், பெண்ணைக் குறிப்பது பெண்பால், உயிரற்றன அஃறிணை. பிரெஞ்சில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். பொருளைக் கொண்டு இதனை அறிய வழியில்லை; பெயரடையும் சுட்டும் அப்பாலுக்கேற்ப மாற வேண்டும். ஆயினும் பாலைப் பிழையாகக் கூறினாலும் கேட்போருக்குப் பொருள் விளங்கிவிடுகிறது. ஆகவே திருத்திக்கொள்ளும் தேவை குழந்தைக்கு எழுவதில்லை.

மதிப்புரவு வடிவம் மற்றோர் எடுத்துக்காட்டு. தமிழில் ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் வேறுபாட்டைப் போலப் பிரெஞ்சில் ‘து’, ‘வூ’ என்பன உள்ளன. ஆசிரியர் தனி மாணவரை ‘து’ என்கிறார். மாணவர் பலரைச் சேர்த்து அழைக்கையில் பன்மைப் பொருளில் ‘வூ’ என்கிறார். ஒருவரையே மதிப்புடன் ‘வூ’ என விளிக்கும் சூழல் வகுப்பறையில் அரிதாகவே வாய்க்கிறது. பெரியோரையும் அயலாரையும் ‘து’ என்றே விளிக்கும் வழக்கம் அமிழ்வு மாணவரிடம் படிந்ததற்கு இதுவே காரணம் எனச் சுவெய்ன் விளக்கினார். கால வடிவத்திலும் இந்நிலையே காணப்பட்டது. வகுப்பறையில் ஆசிரியர் பயன்படுத்திய வினைகளுள் முக்கால் பங்குக்கு மேல் நிகழ்காலமோ ஏவலோ ஆகும். இறந்தகாலம் ஏறத்தாழ 15 விழுக்காடே. வரலாற்றுப் பாடத்தைக்கூட நிகழ்கால வினைகளால் நடத்தும் வழக்கத்தை அவ்வாய்வுகள் சுட்டின.

பாடப்பொருளை விளக்கும் மொழி, மொழியின் எல்லா வடிவங்களையும் தானாக வெளிப்படுத்துவதில்லை என்பது இவற்றால் பெறப்படும். எனவே குறை மாணவரின் திறமையைச் சார்ந்ததன்று. கற்பித்தலின் அமைப்பைச் சார்ந்தது.

4. பயனுறு கற்பித்தலின் கூறுகள்

4.1 மாணவர் பேச்சுக்கு இடமளித்தல்

புரியக்கூடிய உள்ளீடு மிகுதியாகக் கிடைத்தால் மொழிப்பேறு நிகழும் என்பது ஸ்டீபன் கிராஷனின் கொள்கை. அமிழ்வு வகுப்புகளில் உள்ளீட்டுக்குக் குறைவில்லை. ஆயினும் ஆக்கத்திறன் குன்றியிருந்தது. இம்முரண்பாட்டை எதிர்கொண்ட சுவெய்ன் 1985இல் வெளிப்பாட்டுக் கருதுகோளை முன்வைத்தார். கேட்கும்போது சொற்பொருளையும் சூழலையும் கொண்டே பொருள் உணரலாம். பேசும்போதோ சொற்களைத் தொடராக இணைக்கும் இலக்கண முடிவுகளைக் கற்பவரே எடுக்க வேண்டும். அம்முயற்சியில்தான் தமக்குத் தெரியாதது எது என்பதை அவர் உணர்கிறார்.

வகுப்பறையில் ஆசிரியரின் வினாவுக்கு ஒரு சொல்லில் விடையளிக்கும் மாணவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. குழுவாகக் கூடி அறிவியல் சோதனையை விளக்குதல், கேட்ட பகுதியை நினைவிலிருந்து இருவர் சேர்ந்து மீட்டெழுதுதல், தம் முடிவுக்குக் காரணம் கூறுதல் போன்ற பணிகள் நீண்ட தொடர்களை வேண்டுவன.

4.2 மொழி வடிவத்தின்மீது கவனம்

பாடப்பொருளையும் மொழி வடிவத்தையும் ஒன்றுக்கொன்று எடைசமன் செய்யும் அணுகுமுறையை ராய் லிஸ்டர் 2007இல் விரித்துரைத்தார். பொருளில் ஆழ்ந்துள்ள வகுப்பில் வடிவத்தின்பாலும், வடிவப் பயிற்சியில் ஆழ்ந்துள்ள வகுப்பில் பொருளின்பாலும் கவனத்தைத் திருப்ப வேண்டும் என்பது அதன் சாரம்.

பெயர்ச்சொல்லின் பால் இதற்குச் சிறந்த சான்று. பால் என்பது மனப்பாடம் செய்ய வேண்டிய ஒன்று எனப் பல ஆசிரியர் எண்ணினர். பத்தாயிரத்தை நெருங்கும் பெயர்ச்சொற்களைத் தொகுத்து ஆராய்ந்த லிஸ்டர் (2006), பெண்பாற் பெயர்களுள் 81 விழுக்காடும் ஆண்பாற் பெயர்களுள் 80 விழுக்காடும் ஈற்றைக் கொண்டே பால் உய்த்துணரத்தக்கன எனக் காட்டினார். சொல்லின் ஈறு கொண்டு இலக்கணம் வகுத்தல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. அறிவியல் பாடத்தில் புதிய கலைச்சொற்களை அறிமுகம் செய்கையில், ஈறு ஒத்தவற்றை ஒருசேர நிறுத்தி மாணவரே விதியைக் கண்டறியச் செய்யலாம். இதனால் பாடப்பொருளும் தடைப்படாது. இலக்கணமும் தனித்து நிற்காது.

4.3 பின்னூட்டம்

லிஸ்டரும் லைலா ரான்டாவும் (1997) மாண்ட்ரியல் பகுதியின் நான்கு வகுப்பறைகளில் ஏறத்தாழ 18 மணி நேரப் பாடங்களைப் பதிவுசெய்து, பிழைக்கு ஆசிரியர் தரும் பின்னூட்டத்தை ஆறு வகையாகப் பகுத்தனர். மாணவர் பிழைபடக் கூறியதை ஆசிரியர் தாமே திருத்திய வடிவில் மீளக் கூறும் ‘மறுவார்ப்பு’ 55 விழுக்காடு. இதற்கு மாணவர் ஏதேனும் ஒரு வகையில் எதிர்வினை காட்டியது 31 விழுக்காட்டு இடங்களில்தான். அவற்றுள்ளும் பிழை திருந்திய இடங்கள் குறைவு. சொல்லைப் பாதியில் நிறுத்தி மாணவரையே முடிக்கச் செய்தல், ‘இதனை எப்படிச் சொல்வோம்?’ என வினவுதல் ஆகியவற்றை உள்ளடக்கிய ‘வருவித்தல்’ 14 விழுக்காடே. ஆனால் அது ஒவ்வொரு முறையும் எதிர்வினையைப் பெற்றது. ஏறக்குறைய பாதி இடங்களில் மாணவரே பிழையைத் திருத்தினர்.

இதன் காரணம் எளிது. பொருளில் கவனம் செலுத்தும் மாணவர், மறுவார்ப்பைத் தம் கருத்துக்கு ஆசிரியர் தரும் ஒப்புதலாகவே கொள்கின்றனர். மறுவார்ப்பை அறவே விலக்க வேண்டும் என்பது இதன் கருத்தன்று. மாணவர் இதுவரை அறியாத வடிவத்துக்கு அது ஏற்றது. முன்பே கற்ற வடிவத்தில் பிழை நேரின் வருவித்தலே தகும்.

4.4 இருமொழிகளுக்கிடையே பாலம்

வகுப்பில் பிரெஞ்சு மட்டுமே ஒலிக்க வேண்டும் என்ற விதி நெடுங்காலம் கடுமையாகப் போற்றப்பட்டது. ஒரு மொழியில் பெற்ற எழுத்தறிவு மற்றதற்கு அடித்தளமாகும் என்னும் ஜிம் கம்மின்ஸின் மொழிச்சார்புக் கருதுகோள் (1979) இவ்விதியை மறுபரிசீலனைக்கு உட்படுத்தியது. லிஸ்டர், கொலின்ஸ், பாலிஞ்சர் ஆகியோர் (2009) விளக்கிய திட்டம் ஒன்றில் ஒரே கதைநூலின் இயல்களைப் பிரெஞ்சு ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் தத்தம் மொழியில் மாறிமாறி வாசித்துக் காட்டினர். பிரெஞ்சு நேரத்தின் அளவும் குறையவில்லை. இருமொழிகளும் மாணவர் மனத்தில் தொடர்புற்றன.

5. பள்ளித் தலைமையின் பணிகள்

மேற்கூறிய முறைகள் யாவும் ஆசிரியரின் தனிமுயற்சியால் மட்டும் நிலைபெறுவன அல்ல. இரு ஆசிரியர் ஒரே நூலை மாறிமாறி வாசிப்பதற்குக்கூட அவ்விருவரும் கூடித் திட்டமிடும் நேரம் கால அட்டவணையில் இருத்தல் வேண்டும். அட்டவணை முதல்வரின் கையில் உள்ளது. பள்ளிசார் காரணிகளுள் வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்து மாணவர் கற்றலைப் பாதிப்பது தலைமையே என்பது கென்னத் லீத்வுட்டும் பிறரும் 2004இல் கண்ட முடிவு. தலைமையின் பல கூறுகளை ஒப்பிட்ட விவியன் ராபின்சன் குழுவினர் (2008), ஆசிரியர் கற்றலை ஊக்குவித்து அதில் தாமும் பங்கேற்றலே மாணவர் அடைவோடு மிக வலுவான தொடர்புடையது எனக் கண்டனர். இவை பொதுப்பள்ளிகளைப் பற்றிய முடிவுகள். அமிழ்வுப் பள்ளியில் இவை பின்வரும் வடிவங்களைப் பெறுகின்றன.

5.1 ஆசிரியரைத் தேர்தலும் தக்கவைத்தலும்

பிரெஞ்சு சரளமாகப் பேசும் ஆசிரியருக்குக் கனடா முழுவதும் தட்டுப்பாடு நிலவுகிறது. ஆட்சிமொழி ஆணையர் அலுவலகம் 2019இல் இதுபற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. தட்டுப்பாட்டுக் காலத்தில் ‘பிரெஞ்சு தெரிந்தால் போதும்’ என்ற நிலைக்குப் பள்ளிகள் இறங்குவது இயல்பு. மொழியறிவு வேறு, அம்மொழி வழியே பாடத்தையும் மொழியையும் ஒருங்கே கற்பிக்கும் அறிவு வேறு. புதிய ஆசிரியருக்கு அனுபவமிக்க ஆசிரியரைத் துணையாக்குதல், பிரெஞ்சில் நூல்களும் கருவிகளும் கிடைக்கச் செய்தல், ஆங்கில ஏடுகளை மொழிபெயர்க்கும் சுமையைக் குறைத்தல் ஆகியன முதல்வரின் கடமைகள்.

5.2 பிரெஞ்சு அறியாத முதல்வரும் வகுப்பறை நோக்கலும்

இருபிரிவுப் பள்ளிகளின் முதல்வருக்குப் பிரெஞ்சு தெரியாதிருத்தல் உண்டு. அந்நிலையில் அமிழ்வு வகுப்பு அவரது மேற்பார்வைக்கு எட்டாததாகி, ஆசிரியர் தனித்து விடப்படும் இடர் நேர்கிறது. நான்காம் பகுதியில் கண்ட ஆய்வு முடிவுகளிலிருந்து, மொழியறியாதவரும் நோக்கத்தக்க குறிகள் சிலவற்றை இக்கட்டுரை முன்மொழிகிறது.

ஒரு பாடவேளையில் ஆசிரியர் பேசும் நேரம் எவ்வளவு, மாணவர் பேசும் நேரம் எவ்வளவு? மாணவரின் விடை ஒரு சொல்லா, தொடரா? வினாவுக்குப் பின் ஆசிரியர் காத்திருக்கிறாரா? மாணவர் தயங்கிய இடத்தில் அவரே விடையைத் தருகிறாரா, மாணவரையே முடிக்கச் செய்கிறாரா? குழுவாகப் பணியாற்றுகையில் மாணவர் எம்மொழியில் பேசுகின்றனர்? சுவரில் உள்ள அட்டைகள் தனிச்சொற்களை மட்டும் காட்டுகின்றனவா, தொடரமைப்புகளையும் காட்டுகின்றனவா? இவற்றுக்கு விடை காணச் செவியும் கடிகாரமும் போதும். மொழியின் திருத்தத்தை மதிப்பிட வேண்டிய இடத்தில் பிரெஞ்சு வல்லுநர் ஒருவரின் துணையை நாடலாம். இக்குறிகளை மதிப்பெண் பட்டியலாக்காமல், வகுப்புக்குப் பின் ஆசிரியரோடு நிகழ்த்தும் உரையாடலுக்குத் தொடக்கமாகக் கொள்ளுதல் இன்றியமையாதது.

5.3 பள்ளி முழுமையின் மொழிச்சூழல்

ஆங்கிலம் பெரும்பான்மையாகவுள்ள ஊரில் அமைந்த இருபிரிவுப் பள்ளியில் அலுவலகம், நூலகம், விளையாட்டிடம், காலை அறிவிப்பு யாவும் ஆங்கிலத்தில் நிகழின், பிரெஞ்சு வகுப்பறைக் கதவுக்குள் அடங்கிய மொழியாகிவிடும். லாப்கினும் பிறரும் 1981இல் இருவகைப் பள்ளிகளின் ஐந்தாம் வகுப்பு மாணவரை ஒப்பிட்டபோது, பிரெஞ்சுத் திறனில் தனிமையப் பள்ளி மாணவர் மேம்பட்டிருந்தனர். எல்லாப் பள்ளிகளையும் தனிமையமாக்குதல் இயலாது. எனினும் அறிவிப்பை இருமொழியிலும் செய்தல், நூலகத்தில் குழந்தைகள் விரும்பும் பிரெஞ்சுக் கதைநூல்களைச் சேர்த்தல், பிரெஞ்சுச் சமூகத்துக் கலைஞரையும் முதியோரையும் அழைத்து உரையாடச் செய்தல் ஆகியன முதல்வரின் ஆற்றலுக்கு உட்பட்டவை. இறுதியாகக் கூறியது, மதிப்புரவு ‘வூ’வை மாணவர் உண்மையான தேவையோடு வழங்கும் வாய்ப்பையும் தரும்.

5.4 சேர்க்கையும் சமநீதியும்

அமிழ்வுக் கல்வி வசதியுள்ளோர்க்கும் நன்கு படிப்போர்க்கும் உரிய தனிவழியாகிவிடுகிறது என்ற குற்றச்சாட்டு வலுவானது. நியூ பிரன்சுவிக் மாநிலத்தில் இப்பிரிவு மாணவரைச் சமூகப் பொருளாதார அடிப்படையில் பிரித்துவைக்கிறது என டக்ளஸ் வில்ம்ஸ் 2008இல் வாதிட்டார். அவ்வாண்டில் அம்மாநில அரசு முந்துநிலை அமிழ்வுக் கல்வியை நீக்க முடிவுசெய்தது. பெற்றோர் நீதிமன்றம் சென்றனர். முடிவு செல்லாதெனத் தீர்ப்பானது. பின்னர் தொடக்க வகுப்பு மூன்றாம் வகுப்பாக மாற்றப்பட்டது. 2017இல் அது மீண்டும் முதல் வகுப்புக்குக் கொண்டுவரப்பட்டது. அமிழ்வுக் கல்விக்கு மாற்றாகப் பொதுத்திட்டம் ஒன்றைக் கொணரும் முயற்சி மக்கள் எதிர்ப்பால் 2023 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இம்மாற்றங்கள் ஒவ்வொன்றின்போதும் ஆசிரியரை மறுபகிர்வு செய்யவும் பெற்றோரின் ஐயங்களுக்கு விடையளிக்கவும் வேண்டிய சுமை பள்ளிகளின் மீதே விழுந்தது.

இச்சிக்கலில் பள்ளித் தலைமைக்கு நேரடிப் பங்கு உண்டு. படிப்பில் இடர்ப்படும் குழந்தையை ‘ஆங்கிலப் பிரிவுக்கு மாற்றிவிடுங்கள்’ எனப் பெற்றோருக்கு அறிவுறுத்தும் வழக்கம் பரவலானது. மொழிவளர்ச்சியில் இடர்ப்பாடுள்ள குழந்தைகளை ஆராய்ந்த மார்கரெட் புரூக் (1982), அமிழ்வு வகுப்பில் பயின்றோர் அதே இடர்ப்பாட்டுடன் ஆங்கில வழியில் பயின்றோரைவிடப் பின்தங்கவில்லை எனக் காட்டினார். ஆகவே மாற்றம் இடர்ப்பாட்டைத் தீர்ப்பதில்லை. வாசிப்புத் துணையையும் சிறப்பாசிரியரையும் அமிழ்வுப் பிரிவுக்கும் ஒதுக்கும் முதல்வரே அக்குழந்தைக்கு உரிய வாய்ப்பை அளிக்கிறார்.

6. மூன்றாம் மொழியாகப் பிரெஞ்சு: தமிழ்க் குழந்தைகளின் நிலை

செயின்ட் லாம்பர்ட் குழந்தைகளின் தாய்மொழி ஆங்கிலம். வட அமெரிக்கக் கண்டத்தில் அது அழியும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. லாம்பர்ட் வேறுபடுத்திக் காட்டிய ‘கூட்டல் இருமொழியம்’ அவர்களுக்கு வாய்த்தது. தாய்மொழியை இழந்து பிறமொழியைப் பெறுவதை அவர் ‘கழித்தல் இருமொழியம்’ என்றார். டொராண்டோ பகுதியில் வாழும் ஈழத்தமிழர் குடும்பத்துக் குழந்தை அமிழ்வு வகுப்பில் சேரும்போது பள்ளியின் இருமொழிகளும் அதன் வீட்டுமொழி அல்ல. கியூபெக்கில் குடியேறியோரின் பிள்ளைகள் 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிரெஞ்சுப் பள்ளியிலேயே பயில வேண்டும். அது பெற்றோர் விரும்பித் தேர்ந்த அமிழ்வுக் கல்வி அன்று.

குடியேறிய குழந்தைகள் ஆங்கிலம் முற்றக் கற்றபின் பிரெஞ்சு கற்கலாம் என்னும் அறிவுரை பள்ளிகளில் வழங்கி வந்தது. கேலி மேடியின் ஆய்வுகள் அக்குழந்தைகள் பிரெஞ்சு கற்றலில் பிறர்க்கு இணையாகவும் சில கூறுகளில் மேலாகவும் விளங்குவதைக் காட்டின. பன்மொழிப் பழக்கம் அவர்களுக்கு முதலாக அமைகிறது. எனவே அவ்வறிவுரையைக் கைவிடுவதும், வீட்டில் தமிழைத் தொடருமாறு பெற்றோரை ஊக்குவிப்பதும், கல்வி வாரியங்கள் நடத்தும் தமிழ் வகுப்புகளை அறிமுகம் செய்வதும் தலைமைப் பணியின் பகுதிகளாகும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. கனடிய முடிவுகளைக் காட்டி, தாய்மொழி வலுவிழந்து நிற்கும் சூழலிலும் பிறமொழி வழிக் கல்வியே சிறந்தது என வாதிடுவது பொருந்தாது. வலிமையுள்ள தாய்மொழி, பெற்றோரின் விருப்பத் தேர்வு, தாய்மொழியும் அறிந்த ஆசிரியர், பின்னர்ப் பாடத்திட்டத்தில் தாய்மொழிக்கு உறுதியான இடம் ஆகிய நான்கும் அங்கு ஒருங்கே அமைந்திருந்தன.

7. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்பட்ட முடிவுகள் வருமாறு:

1. அமிழ்வுக் கல்வி ஏற்புத்திறனை நன்கு வளர்க்கிறது. ஆக்கத்திறன் வளர, மொழி வடிவத்தில் திட்டமிட்ட கவனம் வேண்டும்.

2. மாணவரை நீளப் பேசவைக்கும் பணிகளும், பிழையை அவரே திருத்தத் தூண்டும் பின்னூட்டமும் பயனுறு கற்பித்தலின் முதன்மைக் கூறுகள்.

3. அத்தகைய கற்பித்தலுக்குரிய காலம், துணை, பயிற்சி ஆகியவற்றைப் பள்ளித் தலைமையே உருவாக்குகிறது. பிரெஞ்சு அறியாமை முதல்வரை இப்பொறுப்பிலிருந்து விடுவிப்பதில்லை.

4. இடர்ப்படும் குழந்தையையும் குடியேறிய குழந்தையையும் விலக்காது சேர்த்துக்கொள்ளுதல் தலைமையின் அறக்கடமை. ஆய்வுச் சான்றும் அதற்கு அரணாக உள்ளது.

5. அமிழ்வுக் கல்வியின் வெற்றி அதன் நிபந்தனைகளோடு சேர்த்தே எடுத்தாளத்தக்கது.

அமிழ்வு வகுப்பில் பயிலும் தமிழ்க் குழந்தைகளின் மும்மொழி எழுத்தறிவு வளர்ச்சி, பால், மதிப்புரவு ஆகிய இலக்கணக் கூறுகளில் அவர்களின் தமிழறிவு பிரெஞ்சுக்குத் துணைசெய்யும் வகை என்பன தமிழாய்வாளர் மேலும் ஆராய்வதற்குரிய களங்களாகும்.